புள்ளி விழாத விசை

ஏடெழுதுவோர் செய்த பிழைகளைப் பற்றித் தமிழ் கற்றவர்கள் நிறையப் பேசியிருக்கிறோம். பாடபேதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கறையான் தின்ற ஓலையும் கண் மங்கிய எழுத்தரும் நினைவில் எழுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒரு நூலைக் கணினியில் ஏற்றும்போது விரலுக்குக் கீழே கிடக்கும் பொருளும் பாடபேதத்தை உண்டாக்கும் என்பதைப் பற்றி எவரும் வாய் திறக்கக் கண்டதில்லை. சென்ற ஆண்டு வரை எங்களுக்கும் அந்த எண்ணம் வந்ததில்லை.

நாங்கள் என்பது மூவர். கல்லூரியில் தமிழ் நடத்தும் நானும் முதுகலை முடித்த மாணவர் இருவரும். செஞ்சியை அடுத்த அனந்தபுரத்தில், பனைமலைக்குப் போகும் பக்கத்தில், பாரதக்கூத்து வாத்தியார் ஒருவரிடம் இருந்த குறிப்பேட்டைப் படியெடுக்கத் தொடங்கினோம். தெருக்கூத்துக்கும் திரௌபதியம்மன் வழிபாட்டுக்கும் செஞ்சிச் சீமை எவ்வளவு நெருக்கம் என்பதை மேலச்சேரிக் கோயிலை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏடு கோடு போட்ட நோட்டுதான். ஆனால் எழுத்து பழைய கை. காதால் கேட்டபடி எழுதியவை, வல்லினம் மிகாதவை, புள்ளி பாதி இடங்களில் இல்லாதவை. ஓலையில் புள்ளி குத்தினால் எழுத்தாணி ஏட்டைத் துளைத்துவிடும் என்று விட்டெழுதிய வழக்கத்தின் வால் இந்தக் காகிதம் வரை நீண்டிருந்தது. இருப்பதை இருப்பதுபோலவே ஏற்றுவது, திருத்துவதைப் பிறகு அடிக்குறிப்பில் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தோம்.

நாற்பது பக்கங்கள் முடிந்த பின் அச்செடுத்துக்கொண்டு வாத்தியாரிடம் போனோம். அவருக்குக் கண் தெரிவதில்லை. மாணவர் படிக்க அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டார். ஓரிடத்தில் கை நின்றது. "இல்ல சார், அங்க ‘வளர்’னு நிக்கணும். ‘வளர’ன்னா தாளம் இடிக்குது." நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். அந்த இடத்தில் அவர் புள்ளி வைத்திருந்தார். வைக்காதது நாங்கள். இன்னும் இரண்டு பக்கம் போவதற்குள் ஐந்து முறை கை நின்றது. ஐந்தில் மூன்று நோட்டிலேயே இல்லாத புள்ளிகள், இரண்டு எங்களுடையவை. எது அவருடைய எழுத்து, எது எங்கள் பிழை என்பதைப் படியைப் பார்த்துப் பிரித்தறிய வழியே இல்லை. ‘வளர்’, ‘உணர்’, ‘தொடர்’ ஆகியவை புள்ளியை இழந்தாலும் ‘வளர’, ‘உணர’, ‘தொடர’ என்று நல்ல தமிழ்ச் சொற்களாகவே நிற்கும். சொற்பிழை திருத்தியும் மௌனமாகக் கடந்துபோகும்.

வீட்டுக்கு வந்து ஆராய்ந்தபோது குற்றவாளி அகப்பட்டது. எங்களிடம் இருப்பது தமிழ் எழுத்துகள் பொறித்த பழைய விசைப்பலகை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 அமைப்பு. அதில் உயிர்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். புள்ளி இடக்கைச் சுட்டுவிரல் தங்கும் இடத்தில், ஆங்கில ‘எஃப்’ விசையின் மேல். அகரம் ஏறிய மெய்யைத் தனியே தட்டினாலே போதும் என்பதால் ‘அ’ விசைக்கு வேலை குறைவு. புள்ளிக்கோ ஓய்வே இல்லை. இன்னொரு வசதியும் உண்டு: ஒரே மெய்யை இரு முறை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி தானே ஏறும். ‘வாழைப்பழம்’ என்பதற்கு ‘ப’வை இரட்டை தட்டினால் போதும். ஆனால் முதல் தட்டுக்குப் பின் விசை சோம்பலாக மேலே வந்தால் இரண்டாம் தட்டு விழுங்கப்பட்டு ‘வாழைபழம்’ ஆகிவிடும். வல்லினம் மிகும் இடத்தையும் மிகா இடத்தையும் நன்னூலார் அன்றி ஒரு ரப்பர் குமிழ் தீர்மானித்துக்கொண்டிருந்தது!

செஞ்சியில் கடைக்காரரிடம் காட்டினோம். "இதுக்கு மெனக்கெடற நேரத்துல புது கீபோர்டே வாங்கிடலாம் சார், சில நூறு ரூபாதான்" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் பாதி ஏட்டை ஒரு பலகையிலும் மீதியை இன்னொன்றிலும் ஏற்றினால் பிழையின் இயல்பும் பாதியில் மாறும் என்பது எங்கள் கவலை. தவிர, எழுத்து பொறித்த பலகை அவரிடம் இல்லை. இயந்திர விசை கொண்ட டிவிஎஸ் கோல்டு வாங்கலாம் என்றார் ஒரு மாணவர். நல்ல பலகைதான், ஆனால் விலை வேறு.

இவ்வகைப் பலகையின் உள்ளே நடப்பது எளியது. விசையின் தண்டு ஒரு குழலுக்குள் இறங்கி, சிலிக்கோன் ரப்பர் குமிழ் ஒன்றை அமுக்குகிறது. குமிழ் எதிர்த்து நின்று, சட்டென்று மடங்கி, அடியிலுள்ள மூன்றடுக்கு பிளாஸ்டிக் தாளை அழுத்துகிறது. மேல் தாளின் மின்தடமும் கீழ்த் தாளின் தடமும் நடுத்தாளின் துளை வழியே தொட்டுக்கொள்கின்றன. விரல் உணர்வது குமிழ் மடங்கும் கணத்தை. எழுத்து பதிவதோ அதற்குச் சற்றுப் பின், விசை அடிமட்டத்தை நெருங்கும்போது. குமிழ் புதிதாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றென்றே தோன்றும். தளர்ந்த குமிழில் அந்த மடக்கு மழுங்கிவிடுகிறது. விரல் ‘முடிந்தது’ என்று எண்ணி எழும்பிவிடும், எழுத்து பதிந்திராது.

தொண்ணூறுகளில் யளனகவில் தட்டச்சுப் பழகியவர்கள் எங்களில் ஒருவர், அதாவது இதை எழுதுபவர். எல்லா விரலுக்கும் ஒரே அழுத்தம் என்பதே அங்கே முதற்பாடம். அழுத்தம் குறைந்தால் எழுத்து வெளிறி விழும். முற்றுப்புள்ளியை ஓங்கி அடித்தால் தாளில் ஓட்டை விழும் (எழுத்தாணியின் பழி அங்கும் விடவில்லை). பிழை காகிதத்தில் தெரிந்தது. கோத்ரெஜ் நிறுவனம் தட்டச்சுப் பொறி செய்வதை 2009இல் நிறுத்தியது. அதோடு கூடப் போனது அந்த வெளிறிய எழுத்தும். கணினியில் மெலிந்த புள்ளி என்று ஒன்றில்லை. உண்டு, இல்லையேல் இல்லை.

விசையின் சீர்கேட்டுக்குக் காரணம் இரண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. விசைமூடியைக் கழற்றிவிட்டு, பென்சிலின் மொட்டை முனையால் குமிழை மட்டும் அமுக்கிப் பார்க்க வேண்டும். அது பக்கத்துக் குமிழ்களைப் போலவே எதிர்த்தால் குற்றம் குழலில் சேர்ந்த அழுக்கில். தொளதொளவென்று இறங்கினால் குமிழில். எங்கள் ‘ப’வும் ‘க’வும் முதல் வகை. புள்ளி இரண்டாம் வகை.

அளக்க நாணயங்களை எடுத்துக்கொண்டோம். 2011இல் வந்த வரிசையின் ஐந்து ரூபாய் நாணயம் 6 கிராம். பழைய கனத்த நாணயங்களைக் கலக்கக் கூடாது. நாணயம் அகலமானது, பக்கத்து விசைகளின் மேல் உட்கார்ந்துவிடும் என்பதால் விசையின் மேல் சிறு அழிப்பான் துண்டை நிறுத்தி அதன்மேல் அடுக்கினோம். தொடாத விசைகள் 10 நாணயத்துக்கு இறங்கின. புள்ளி 7க்கே படுத்தது. இகரமும் உகரமும் 8. ‘க’ மட்டும் 12 கேட்டது, எழவும் தாமதித்தது.

மூடிகளையும் சட்டத்தையும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி ஒரு நாள் முழுக்க நிழலில் உலர்த்தினோம். கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளாவிட்டால் ழகரம் எங்கே இருந்தது என்று தேட நேரும். தண்டில் மட்டும் சிலிக்கோன் கிரீஸ், குச்சி முனையளவு. குமிழில் அது படக் கூடாது. சிலிக்கோன் ரப்பர் அதனால் உப்பும். தையல் மிஷின் எண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் பரிந்துரைக்கும் நண்பர்களை அன்போடு வணங்கி அனுப்பிவிடலாம். புழுதியைப் பிடித்துப் பிசினாக்கிக்கொள்வதற்கு அவற்றைவிடச் சிறந்தவை இல்லை. ‘க’ 9க்கு இறங்கியது.

புள்ளி விஷயத்தில்தான் தவறினோம். ‘பாஸ்’ விசையின் அடியிலிருந்த, உழைத்தறியாத குமிழை எடுத்துப் புள்ளியின் கீழ் வைத்தோம். புள்ளி இன்னும் அதிகமாக விட்டுப்போயிற்று. சுற்றியுள்ள விசைகள் எல்லாம் 8இல் இருக்க இது மட்டும் 10இல் நின்றால், பழகிய விரல் பழகிய அளவே அழுத்தும், அது போதாது. விரலுக்கு வேண்டியது புதுமை அன்று, ஒருசீர். தளர்ந்த விசையை மட்டும் மாற்றுங்கள் என்று எல்லாரும் தரும் ஆலோசனையை நாங்கள் மறுப்பது இந்த அனுபவத்தால்தான்.

எங்கள் பலகையில் குமிழ்கள் ஒரே விரிப்பாக இல்லாமல் தனித்தனியாக, ஒரே அளவில் இருந்தது நல்லூழ். (விரிப்பாக இருந்தால் அதே வகைப் பழம்பலகை இன்னொன்றைத் தேடி முழு விரிப்பையும் மாற்றுவதுதான் வழி.) எண்பலகையில் 17, மேல்வரிசையில் 12, அதன் ஓரத்தில் 3, ஆக 32 விசைகள் இத்தனை ஆண்டும் சும்மா இருந்தவை. தமிழ்99இல் எழுத்து விசைகள் 31: உயிர் 12, மெய் 18, புள்ளியாகவும் வரும் ஆய்தம் 1. முப்பத்தொன்றையும் ஒருசேர மாற்றினோம். உழைத்தவை எண்பலகைக்கு ஓய்வுபெற்றுப் போயின. வயதில் ஒத்தவை, தேய்மானத்தில் ஒத்தவை எழுத்துக்கு வந்தன. நாணயம் இப்போது 9க்கும் 10க்கும் இடையில். புள்ளி தனித்துத் தெரிவதில்லை.

மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியதிலிருந்து எத்தனையோ அன்பர்கள் ஊதியமின்றி நூல்களை ஏற்றித் தந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. அங்கே ஏற்றியவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் பதிவாகின்றன. இனி மின்பதிப்பு வெளியிடுவோர் எந்த விசை அமைப்பில், எவ்வகைப் பலகையில் ஏற்றினோம் என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. கிரந்த எழுத்தா, செல்பேசித் திரையா, ஒலிபெயர்ப்பு உள்ளீடா என்பதைப் பொறுத்துப் பிழையின் முகம் மாறும். ஒலிபெயர்ப்பில் தட்டுபவர் லகர ளகரத்தில் தடுமாறுவார், தமிழ்99காரர் புள்ளியில். பின்னால் ஆராய வருபவருக்கு எங்கே தேடுவது என்றாவது தெரியும். இதை மிகை என்று நகைக்கும் நண்பர்கள், ஓலையின் நீளத்தையும் துளைகளின் எண்ணிக்கையையும் தங்கள் சுவடி விவரணையில் குறிப்பது ஏன் என்று யோசித்துப் பார்க்கலாம்.

முதல் நாற்பது பக்கங்களை நோட்டோடு வைத்து எழுத்தெழுத்தாக மீண்டும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இருபத்தாறு முடிந்திருக்கிறது. ஞாயிறுதோறும் வாத்தியாரிடம் படித்துக் காட்டுகிறோம். கை நிற்கும் இடத்தில் முதலில் நோட்டைப் பார்க்கிறோம்.