கதவுக்கு நம்பர் வந்தது, வெந்நீர் வரவில்லை!

போன ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்காகப் புதுக்கோட்டைக்குப் போயிருந்தோம். நான், என் மகள், அவளுடைய பதினோரு மாதக் குழந்தை. கல்யாண வீட்டில் இடநெருக்கடி என்று மகள் செல்போனிலேயே ஒரு லாட்ஜில் ரூம் போட்டுவிட்டாள். போய்ப் பார்த்தால் ரிசப்ஷனில் ஆளே இல்லை! போனுக்கு ஒரு நம்பர் வந்தது. அதைக் கதவில் அழுத்தினோம், திறந்துகொண்டது. "பாத்தியாம்மா, சாவிக்குக்கூட யாரையும் கேக்க வேண்டாம்" என்று அவளுக்கு ஒரே பெருமை.

ராத்திரி ஒரு மணிக்குக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் என் பையில் எப்போதும் இருக்கும். கரைப்பதற்குக் கொதிக்க வைத்த தண்ணீர் வேண்டுமே! பிளாஸ்க் காலி. மகள் போனில் வெந்நீர் கேட்டாள். 'தங்கள் வேண்டுகோள் பதிவாகிவிட்டது' என்று பதில் வந்தது. அரை மணி கழித்து மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே பதில்தான்.

பொறுக்க முடியாமல் நானே கீழே இறங்கினேன். கேட் பக்கத்தில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, பிள்ளைக்கு முடியலன்னா மொதல்லயே ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?" என்று பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு சைக்கிளில் பறந்தார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலிருந்து பத்து நிமிஷத்தில் வெந்நீர் வந்துவிட்டது. அப்படி ஒருவர் இருப்பதே அந்தப் போனில் இல்லை.

(பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், நன்றாக ஆறிய பிறகு கரையுங்கள். ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை சோர்ந்து போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.)

ஜப்பானில் நாகசாகி வட்டாரத்தில் 2015-இல் ரோபோக்களை வைத்தே ஒரு ஹோட்டல் திறந்தார்கள். வரவேற்பில் டைனோசர் பொம்மை! அறையில் இருந்த பொம்மையோ, விருந்தாளி குறட்டை விட்டால் ஏதோ கேட்கிறார் என்று எண்ணி அவரை எழுப்பிவிடுமாம். 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று 2019-இல் செய்தி வந்தது. படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

நம் ஊர்ப் பந்தியை எண்ணிப் பாருங்கள். பரிமாறுகிறவர் நம் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, இலையைத்தான் பார்ப்பார். கூட்டு தீர்ந்திருந்தால் கூட்டு வரும். கை இலைக்குக் குறுக்கே வந்தால் கரண்டி நின்றுவிடும். பிள்ளை இருமினால், "தயிர் வேண்டாம், ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்பார். திருமயம் பக்கம் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் என்ற நூறு வருஷத்துக்கு மேற்பட்ட செட்டிநாட்டு வீடு ஹோட்டலாகியிருக்கிறது. ரூம் போடுவதெல்லாம் கம்ப்யூட்டரில் ஆகட்டும். அவ்வளவு தூரம் வருகிறவர்கள் அந்த முற்றத்தையும் தூண்களையும் பார்க்க மட்டுமா வருகிறார்கள்? செட்டிநாட்டு உபசாரத்துக்கும் சேர்த்துத்தானே!

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் விடவில்லை. "உன் காலத்துல ஒரு பொம்பள தனியா போய் ரூம் கேட்டா ஏற இறங்கப் பாப்பாங்களே, அது மறந்துபோச்சா? இந்தப் போன் அப்படிப் பாக்குதா?" என்றாள். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவள் சொல்வது மெய்தான், சகோதரிகளே. வாடகை இவ்வளவு என்று முன்பே தெரிகிறது. தங்கிப் போன பெண்கள் எழுதியதையும் படித்துப் பார்க்கலாம். பில்லும் சாவியும் மிஷின் பார்த்துக்கொள்ளட்டும். அதில் மிச்சமாகிற ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களே, அங்கேதான் எனக்கு வருத்தம்.

இப்போதெல்லாம் மகள் ரூம் போட்டதும் நான் அந்த இடத்துக்கு ஒரு போன் போட்டுவிடுகிறேன். "ராத்திரி ரெண்டு மணிக்கு வெந்நீர் கேட்டா யாருங்க குடுப்பாங்க?" ஒருவர் பெயரைச் சொல்லிப் பதில் வந்தால் போகிறோம். 'ஆப்பில் கேளுங்கள்' என்றால் வேறு இடம் தேடச் சொல்லிவிடுகிறேன்.