கனகா ஏன் முதலில் வந்தாள்?



கமலா, கலா, கவிதா, கனகா. அகரவரிசைப்படி அடுக்கினால் இப்படித்தான் வரும். ஆனால் நான் ஜாவாவில் இந்த நாலு பேரையும் லிஸ்ட்டில் போட்டு சார்ட் பண்ணினேன். கனகா முதல் ஆளாக வந்து நின்றாள்! "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுடா, விடு" என்றான் நண்பன். எனக்கு மனசு கேட்கவில்லை.

காரணம் இதுதான். கம்ப்யூட்டர் எழுத்தைப் பார்ப்பதில்லை, அதற்குரிய எண்ணைத்தான் பார்க்கிறது. யூனிகோடில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து, 'ப'வுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. நம் 18 மெய்களில் அதுவோ கடைசி! ற, ழ, ள ஆகியவையும் அங்கே இடம் மாறித்தான் இருக்கின்றன.

இதற்கு மருந்து கம்பேரேட்டர். 1998-இல் வந்த ஜாவா 1.2-லேயே அது உண்டு. ரெண்டு பெயரைக் கொடுத்தால், முதல் பெயர் முன்னால் வரணும்னா மைனஸ் எண், பின்னால் வரணும்னா ப்ளஸ் எண், சமம்னா 0 என்று அது பதில் தரணும். அந்த விதியை எழுதுவது நாம்தான்! க, ங, ச என்று நம் வரிசையை அதில் எழுதலாம். புள்ளி எழுத்து முந்தும் என்பதையும் சேர்க்கணும்: அக்கா முதலில், அகம் பிறகு. மாணவர் கிளாஸில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

லேபில் மார்க் வரிசை மட்டும் போட்டுப் பழகினால் போதுமா? தமிழ் வரிசையையும் ஒரு பயிற்சியாக வைக்கணும் என்பது என் கருத்து. நாளைக்கு நூலகப் பட்டியலை நாமே கம்ப்யூட்டரில் ஏற்றினால், புத்தகம் தேடுகிறவர் திண்டாடக் கூடாது அல்லவா?

கம்ப்யூட்டர் மேல் பழி போடாதீங்க. நம் வரிசையை நாம்தான் அதற்குச் சொல்லித் தரணும்!