மருந்தை வெல்லும் கிருமிக்கு வேலி ஏது?

நாயின் தோலில் சீழ், பூனைக்குச் சிறுநீர்த் தொற்று. இவற்றுக்குப் பரிசோதனையின்றி மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆண்டிபயாட்டிக்கைப் புகட்டும் வழக்கம் பெருகி வருகிறது. தேவையற்ற ஒவ்வொரு வேளை மருந்தும் எளிய கிருமிகளை அழித்து, மருந்தைத் தாங்கவல்ல கிருமிகள் பெருக இடமளிக்கிறது.

இது பிராணி வளர்ப்போரின் தனிக் கவலை அன்று. அமாக்சிசிலினும் செஃபலெக்சினும் மனிதருக்கும் நாய்க்கும் பொதுவானவை. கால்நடைகளுக்கென விற்கப்படும் என்ரோஃப்ளாக்சசினின் ஒரு பகுதி, நாயின் உடலில் சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறுகிறது. எதிர்ப்புத்திறன் தரும் மரபணுக்கள் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்; ஒரே வீட்டில் வாழும் நாயும் குழந்தையும் கிருமிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12.7 லட்சம் மரணங்களுக்கு மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணம் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

2018இல் கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு, நாட்டிலேயே முதலாவதாக இதற்கென மாநிலச் செயல்திட்டம் வகுத்தது. மக்கள் நல்வாழ்வு, கால்நடை, மீன்வளம், சுற்றுச்சூழல் ஆகியவற்றை அது ஒன்றாகவே கண்டது. 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ரித்’ தொடங்கி, சீட்டின்றி ஆண்டிபயாட்டிக் விற்ற கடைகள் சோதனையிடப்பட்டன. இம்மருந்துகளை நீல உறையில் வழங்கும் ஏற்பாடும் வந்தது. கால்நடை மருந்து விற்பனையிலும் ‘ஆபரேஷன் வெட்பயாட்டிக்’ சோதனைகள் நடந்தன.

ஒன்றிய அரசு 2019இல் உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் மருந்தைத் தடை செய்தது, அது வரவேற்கத்தக்கதே. ஆயினும், 1954இல் பிம்பிரியில் பொதுத்துறையில் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஆண்டிபயாட்டிக்ஸ் நிறுவனத்தை விற்க 2016இல் முடிவெடுத்ததும் அதே அரசுதான். ஆயுள் முழுதும் உண்ணவேண்டிய மருந்து தரும் லாபத்தைச் சில நாள் உண்ணும் மருந்து தருவதில்லை. ஆகவே பெரும் மருந்து நிறுவனங்கள் பலவும் புதிய ஆண்டிபயாட்டிக் ஆய்வைக் கைவிட்டன. பழைய மருந்துகள் பயனிழக்கின்றன. புதியவற்றைத் தேடும் பொறுப்பைச் சந்தை ஏற்க மறுக்கிறது. பொதுத்துறை இன்றி இதற்குத் தீர்வில்லை.

கடைக்காரரைத் தண்டிப்பது மட்டும் போதாது. மருத்துவர் தொலைவிலும் பரிசோதனை எட்டாத விலையிலும் இருக்கும்வரை, எளியவர் கடையைத்தான் நாடுவார். திருவனந்தபுரத்தில் குடப்பனக்குன்னு கால்நடை மருத்துவமனையும், மாவட்டத்தின் பாலோடு என்னும் ஊரில் மாநிலக் கால்நடை நோய் ஆய்வு நிறுவனமும் உள்ளன. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதைக் காட்டும் கல்ச்சர் பரிசோதனை, சிற்றூர்க் கால்நடை மருந்தகம் வழியாகவும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். வீட்டு விலங்குகளின் மாதிரிகளும் மாநிலக் கண்காணிப்பில் முறையாக இடம்பெற வேண்டும்.

தோழர்கள் இக்கோரிக்கையைக் குடியிருப்போர் சங்கங்களுக்கும் பால் கூட்டுறவுகளுக்கும் கொண்டுசெல்ல வேண்டும். மிஞ்சிய மாத்திரையை நாய்க்குப் புகட்டும் வழக்கத்தை நம் வீடுகளிலேயே முதலில் நிறுத்துவோம். ஆண்டிபயாட்டிக்கின் ஆற்றல் மக்களின் பொதுச் சொத்து. அதைக் காப்பதும் வர்க்கக் கடமையே.