துடைப்பம் ஏந்தியவருக்கு வழிவிடாத சட்டம்

பின்னிரவில் மேம்பாலத்திலும் நெடுஞ்சாலையின் நடுத்திட்டு ஓரத்திலும் மணல் கூட்டி அள்ளும் தூய்மைப் பணியாளர் மீது வாகனம் மோதினால், செய்தி ‘விபத்து’ என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது. அச்சொல்லை நாம் ஏற்பதற்கில்லை. போக்குவரத்து குறைந்த நேரமே கூட்டுவதற்கு ஏற்றதெனத் தீர்மானிப்பது நிர்வாகம்; வாகனங்கள் கட்டற்ற வேகத்தில் பாய்வதும் அதே நேரத்தில்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 194இ பிரிவு, ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. சாலையில் குனிந்து வேலை செய்பவரைக் கண்டால் வேகத்தைக் குறைத்து விலகிச் செல்ல வேண்டும் என்பதற்கு இப்படியொரு தனிப் பிரிவு இல்லை. அமெரிக்காவில் 1996இல் தென் கரோலினாவில் தொடங்கிய ‘விலகிச் செல்’ சட்டம் இன்று 50 மாநிலங்களிலும் உள்ளது. பல மாநிலங்களில் சாலைப் பராமரிப்பு வண்டிகளும் குப்பை வண்டிகளும் அதனுள் வருகின்றன. ஆனால் அதை அப்படியே பெயர்த்தெடுத்தால் நமக்குப் பயனில்லை. அங்கே பெரும்பாலும் காக்கப்படுவது விளக்கு மின்னும் வண்டி. நம் பணியாளரிடம் இருப்பதோ துடைப்பமும் தள்ளுவண்டியும்.

ஓட்டுநரை மட்டும் குற்றவாளியாக்குவதும் போதாது. சாலைப் பணியிடங்களில் முன்னெச்சரிக்கைப் பலகைகளும் தடுப்புகளும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டி உள்ளது. 198ஏ பிரிவோ, சாலைப் பராமரிப்புத் தரங்களை மீறியதால் உயிரிழப்பு நேர்ந்தால் பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. கூட்டுவதும் பராமரிப்பே என நாம் வாதிட வேண்டும். பணியாளருக்குப் பின்னால் மின்விளக்குடன் ஒரு காவல் வண்டி நிறுத்துவது ஒப்பந்த நிபந்தனையாக வேண்டும்.

இழப்பீட்டிலும் சாதியச் சமூகத்தின் கணக்கே தொடர்கிறது. இறந்தவரின் வருமானமே தொகையைத் தீர்மானிக்கும் அடிப்படை. 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்சநீதிமன்றம், 40 வயதுக்குட்பட்ட நிரந்தரப் பணியாளர் எனில் எதிர்கால வருமான உயர்வுக்காக 50 விழுக்காடும், நிலையான ஊதியம் பெறுபவர் எனில் 40 விழுக்காடும் சேர்க்கச் சொன்னது. தலைமுறைகளாகத் தலித்துகள் மீதே சுமத்தப்பட்ட இந்த வேலையை ஒப்பந்தத்துக்கு மாற்றும்போது குறைவது ஊதியம் மட்டுமன்று, உயிருக்கு நீதிமன்றம் இடும் விலையும்தான். மோதிவிட்டு ஓடிய வாகனம் அடையாளம் தெரியாமற்போனால் 161ஆம் பிரிவின்படி குடும்பத்துக்குக் கிடைப்பது 2 லட்சம் ரூபாய். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து 13 நாள் அமர்ந்திருந்ததை இந்தக் கணக்கோடும் சேர்த்து வாசிக்க வேண்டும்.