சந்தேகத்தின் பேரில்

'சந்தேகத்தின் பேரில் கைது' என்ற தொடரை ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகளில் வாசித்திராத வாசகர் எவரும் இரார். மன்னாரில் சுற்றிவளைப்பு, பேசாலையில் தேடுதல், தள்ளாடியில் சோதனை என்று ஊர்ப் பெயர்தான் மாறும், தொடர் மாறாது. எவர்மீது, என்ன சந்தேகம், அதற்கு ஆதாரம் யாது என்ற விவரங்கள் அச்செய்திகளில் அரிதாகவே இருக்கும். சொல்ல வேண்டியவர்கள் சொன்னால்தானே எழுதுகிறவர்கள் எழுத முடியும்?

காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஒருவரின் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்ற விதி, ஒரு துறைமுகத்துச் சண்டையிலிருந்து வலுப்பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளை ஆண்ட பிரித்தானியர், கடத்தல் பொருட்களைப் பிடிப்பதற்காகச் சுங்க அதிகாரிகளுக்குப் பொது ஆணைகளை வழங்கினர். எந்த வீடு, எந்தப் பொருள் என்று அவற்றில் குறிப்பிடப்படவில்லை. அதிகாரி விரும்பிய கதவைத் தட்டலாம். இதை எதிர்த்து 1761இல் பொஸ்டன் நகரில் வழக்காடினார் சட்டத்தரணி ஜேம்ஸ் ஓட்டிஸ். அவர் வழக்கில் தோற்றார். ஆனால் அவர் எழுப்பிய வாதம் தோற்கவில்லை. 1791இல் அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தமாக அது வடிவம் கொண்டது. தக்க காரணம் இருக்க வேண்டும். அது சத்தியம் செய்து உறுதிப்படுத்தப்பட வேண்டும். தேடும் இடமும் கைப்பற்றும் பொருளும் ஆணையில் குறிக்கப்பட வேண்டும். இவையே அதன் சாரம்.

இலங்கைச் சட்டம் இதை அறியாததன்று. 1951இல் முத்துசாமி எதிர் கன்னங்கரா வழக்கில் நீதியரசர் கிரேஷியன் தெளிவாகவே தீர்ப்பளித்தார்: நியாயமான சந்தேகத்துக்கு இடமளிக்கும் காரணங்கள் இல்லாமல் பொலிஸ் அதிகாரி எவரையும் கைது செய்ய இயலாது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 32ஆம் பிரிவும், பிடியாணையின்றிக் கைது செய்வதற்கு நியாயமான முறைப்பாடு, நம்பத்தகுந்த தகவல், நியாயமான சந்தேகம் ஆகியவற்றுள் ஒன்றையேனும் கோருகின்றது.

அதே ஆண்டில்தான் 48ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. அதுவே பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் 6ஆம் பிரிவின்படி, பொலிஸ் அத்தியட்சகரோ, அவரது எழுத்துமூல அதிகாரம் பெற்ற உப பரிசோதகரோ, எந்த ஆணையுமின்றி வீட்டுக்குள் நுழையலாம், தேடலாம், வாகனத்தை மறிக்கலாம், பொருளைக் கைப்பற்றலாம். அங்கும் 'நியாயமான சந்தேகம்' என்ற சொற்கள் உண்டு. ஆனால் அது நியாயமானதா என்று முன்னதாகக் கேட்க ஒரு நீதவான் இல்லை. சந்தேகப்படுபவரே நீதிபதியுமாகிறார். தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட இச்சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. 2022இன் திருத்தம் தடுப்புக்காவலின் உச்சவரம்பை 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைத்தது. 6ஆம் பிரிவைத் தொடவில்லை.

மன்னார்த் தீவினருக்கு இதன் பொருள் என்னவாயிருந்தது? பெருநிலத்துக்குச் செல்லத் தரைவழி ஒன்றுதான். அதன் மறுமுனையில் தள்ளாடி இராணுவ முகாம். போரின் இறுதி ஆண்டுகளில் கொழும்புக்குப் பயணித்தோர் மதவாச்சியில் பேருந்தை விட்டிறங்கி, பொதிகளைச் சுமந்து நடந்து, சோதனை முடித்து வேறு பேருந்தில் ஏறினர். கடலுக்குச் செல்லும் மீனவருக்குப் 'பாஸ்' வேண்டும். சுற்றிவளைப்புகளிலோ 'தலையாட்டி' வந்தார். முகம் மூடிய ஒருவர் தலையை அசைத்தால் ஒரு வாலிபரின் வாழ்வு திசைமாறியது. நீதவான் இருக்க வேண்டிய இடத்தில் சாக்குப்பை அணிந்த ஒரு தலை!

காரணம் கேட்கப்படாத கைது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மன்னார் நகரிலேயே சான்று உண்டு. 2001 மார்ச்சில் அங்கு கைதான இரு தமிழ்ப் பெண்கள் காவலில் சித்திரவதைக்கும் பாலியல் வன்முறைக்கும் உள்ளானதாக முறையிட்டனர். சர்வதேச மன்னிப்புச் சபை அதை ஆவணப்படுத்தியது.

அரசை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் நகர்ந்துவிட முடியாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்த் தீவின் முஸ்லிம் ஊர்களும் வெறுமையாயின. அம்மக்களின் பொதிகள் சோதிக்கப்பட்டன. நகையும் பணமும் பறிக்கப்பட்டன. பிறந்த சமூகமே அவர்கள்மீதான குற்றச்சாட்டு. ஒரு தமிழரை அவர் தமிழர் என்பதற்காகச் சோதனையிடுவது அநீதி என்போமானால், எருக்கலம்பிட்டி மூதாட்டியின் கைப்பையைத் திறந்ததும் அதே அநீதிதான். அளவுகோல் ஒன்றாகவே இருக்கட்டும்.

'குண்டு வெடிக்கும் நாட்டில் காரணம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?' என்பர். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. விடையை 2019 உயிர்த்த ஞாயிறு தருகின்றது. அவ்வாண்டு ஏப்ரல் 4ஆம் திகதியே வெளிநாட்டு உளவுத் தகவல் கிடைத்திருந்தது. நடவடிக்கை எடுக்கப்படவில்லை. தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் உயரதிகாரிகளும் இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் (தமிழக வழக்கில் உச்ச நீதிமன்றம்) 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆண்டாண்டு காலம் காரணமின்றி இலட்சக்கணக்கான பொதிகளைத் திறந்த அரசு, காரணம் கையில் இருந்தபோது கண்மூடி இருந்தது. எல்லோரையும் சந்தேகிப்பவருக்கு எவரைச் சந்தேகிப்பது என்பது மறந்துபோகும்.

இது தமிழரின் துயரம் மட்டுமே என்று எண்ணிய தென்னிலங்கையும் பின்னர் அறிந்துகொண்டது. 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையின் முதற்சில வாரங்களிலேயே 29,000க்கும் மேற்பட்டோர் கைதாயினர் என்றும், ஆணையின்றி வீடுகள் சோதிக்கப்பட்டன என்றும் ஐ.நா. நிபுணர்கள் கவலை தெரிவித்தனர். வடக்கில் பழகிய கை தெற்கின் கதவையும் தட்டியது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, கைதாகும் ஒருவருக்குக் காரணம் அறிவிக்கப்பட வேண்டும் என்கின்றது. வீட்டையும் உடைமையையும் தேடுவது குறித்து அடிப்படை உரிமைகள் அத்தியாயம் வாய்திறக்கவில்லை. இந்திய அரசியலமைப்பிலும் அத்தகைய வாசகம் இல்லை. 1954இல் இந்திய உச்ச நீதிமன்றமும் அவ்வாறே கூறிற்று. ஆனால் 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையென ஏற்று, பழைய கருத்தைக் களைந்தனர்.

இலங்கைக்கு வேண்டியவை மூன்று. தேடுதலுக்கெதிரான காப்பு அரசியலமைப்பில் இடம்பெற வேண்டும். அவசரத்தில் ஆணையின்றித் தேடினாலும் காரணத்தை எழுதிவைத்து, கைப்பற்றிய பொருளுக்குப் பற்றுச்சீட்டு வழங்கி, தாமதமின்றி நீதவானுக்கு அறிவிக்க வேண்டும். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் மட்டுமே தாக்கல் செய்யலாம் என்ற நிலை மாற வேண்டும். சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் வலை இழுத்துப் பிழைப்பவருக்கு மன்னார் மேல் நீதிமன்றமே அந்தக் கதவைத் திறக்கட்டும்.

இன்றும் மன்னார்க் கரையோரத்தில் கஞ்சாவும் பீடி இலையும் தேடி வள்ளங்கள் சோதிக்கப்படுகின்றன. கடத்தலைத் தடுப்பது அரசின் கடமை; அதில் இருவேறு கருத்தில்லை. ஆயினும் 'ஏன் என்னை?' என்று வள்ளக்காரர் கேட்டால், அதற்கு அதிகாரியிடம் ஒரு விடை இருக்க வேண்டும். அந்த விடை, அவர் எந்தக் கரையில் பிறந்தார் என்பதாக இருத்தல் ஆகாது.