ஓலை வாசிக்கும் முன்

"பெண்ணுக்குப் படிப்பு எதற்கு?" என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. சென்னையில் இராணி மேரி கல்லூரி 1914-இலும், பெண்கள் கிறித்தவக் கல்லூரி 1915-இலும், திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரி 1923-இலும் தொடங்கப்பட்ட நாள்களில், மகளை விடுதியில் சேர்த்துவிட்டு ஊர் திரும்பிய தந்தை எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்! இன்றோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளை வீட்டில் வைத்திருப்பவரைத்தான் உறவினர் கேள்வி கேட்கிறார்கள். இந்த மாற்றத்திற்காக நம் பெற்றோரும், நம் பள்ளிகளை நடத்திவரும் அருட்சகோதரியரும் பட்ட பாடு பெரிது. அந்த நன்றியைச் சொல்லாமல் மேலே எழுதுவது முறையன்று.

ஆயினும் பழைய கேள்வி முற்றிலும் போய்விடவில்லை; வேறு வேடத்தில் வந்து நிற்கிறது. "நல்ல வரன் வரும்வரை படிக்கட்டுமே" என்கிறார்கள். மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியராகிய எங்களுள் இச்சொல்லை வீட்டில் கேளாதவர் மிகச் சிலரே. சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த 'வரும்வரை' என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். மழைக்கு ஒதுங்கும் கடைத் திண்ணை எப்படியோ, அப்படித்தான் கல்லூரியும் என்றாகிவிடுகிறது. மழை விட்டதும் இறங்கிப் போய்விட வேண்டியதுதான்.

நாங்கள் அறிந்த அக்கா ஒருவர் கணிதம் எடுத்துப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். நன்றாகப் படிப்பவர். இரண்டாம் ஆண்டு நடக்கும்போது, வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் ஒருவரின் வீட்டார் பெண் கேட்டு வந்தனர். மாப்பிள்ளைக்கு விடுமுறை 40 நாள். அதற்குள் பெண் பார்த்து, நிச்சயம் செய்து, ஓலை வாசித்து, திருமணமும் நடந்தேறியது. "தேர்வை எழுதிக்கொள்ளட்டும், யார் தடுத்தார்கள்?" என்றே இரு வீட்டாரும் சொன்னார்கள். உண்மையிலேயே யாரும் தடுக்கவில்லை. புகுந்த ஊரிலிருந்து கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அதற்கு முன் காலைச் சமையல் முடிய வேண்டும். பிறகு தலைச்சன் பிள்ளை. இன்று அவர் எழுதாமல் நிற்கும் தாள்கள் ஏழு. கணவர் நல்லவர், மாமியாரும் நல்லவர்தாம். யார்மீதும் குறை சொல்ல முடியாதபடி ஒரு படிப்பு பாதியில் நின்றுபோயிற்றே என்பதுதான் எங்களை உறுத்துகிறது.

நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் இதற்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. தவக்காலத்தில் நாம் திருமணம் வைப்பதில்லை. திருவருகைக் காலத்திலும் வைப்பதில்லை. ஆகவே ஈஸ்டர் கழிந்ததும் கோவில்களில் திருமணங்கள் வரிசையாக நடைபெறும். பல்கலைக்கழகத் தேர்வுகள் வருவதும் அதே ஏப்ரல், மே மாதங்களில்தான். திருவருகைக் காலம் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும் என்று நவம்பரில் அவசரமாக நடக்கும் திருமணங்கள் வேறு. அடுத்த பருவத் தேர்வு வருவதும் நவம்பரிலேதான்! இவ்வாறு ஆண்டுக்கு இருமுறை திருமணமும் தேர்வும் ஒரே வாசலில் மோதிக்கொள்கின்றன. மோதலில் எது விலகிக்கொள்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. மண்டபம் கிடைத்த தேதியை மாற்ற முடியாது, தேர்வுத் தேதியையோ எங்களால் மாற்ற முடியாது. ஆனால் திருமணத்தையே ஜூனுக்குத் தள்ளி வைக்கலாம் அன்றோ? பெண் வீட்டார் இதைக் கேட்டுப் பார்த்ததாகவே நாங்கள் அறிந்த வரையில் இல்லை. "கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ" என்ற தயக்கம்தான்.

சட்டம் இதில் துணைக்கு வரும் என்றும் நம்பியிருக்க முடியாது. பெண்ணுக்கு 18 வயது நிறைந்துவிட்டால் திருமணத்திற்குத் தடையில்லை. அவ்வயதை 21 ஆக உயர்த்த 2021 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா, நிறைவேறாமலே 2024-இல் காலாவதியாயிற்று. பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவிலுள்ள மூன்று ஆண்டுகள் எவை? பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுகளேதாம். அவற்றைக் காக்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ளவர்கள்தாம்.

மெய்விவாகம் என்று நம் பாட்டிமார் சொல்லும் திருமணத்தைத் திருச்சபை எப்படிப் பார்க்கிறது? மணமக்கள் இருவரும் மனமொத்துத் தரும் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. அச்சம்மதத்தை அவர்களுக்காக வேறு எந்த மனித அதிகாரமும் தர இயலாது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. கட்டாயத்தாலோ பெரும் அச்சத்தாலோ செய்த திருமணம் செல்லாது என்றும் கூறுகிறது. இது நேற்று வந்த கொள்கையன்று. பதினாறாம் நூற்றாண்டில் திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கத்தில், பெற்றோர் சம்மதமின்றி மகனோ மகளோ செய்யும் திருமணம் செல்லாது என்று அறிவிக்கும்படி பிரெஞ்சு அரசின் தரப்பினர் வற்புறுத்தினர். சங்கத் தந்தையர் 1563-இல் அதற்கு இணங்கவில்லை. பெற்றோரை மீறி மணம் முடிப்பதைத் திருச்சபை வெறுக்கிறது என்று அவர்கள் சொல்லாமல் விடவில்லை. மறைவான திருமணங்களைத் தடுப்பதற்காக மூன்று முறை ஓலை வாசிக்க வேண்டும், பங்குக் குருவும் சாட்சிகளும் முன்னிற்க வேண்டும் என்றும் விதித்தனர். ஆனால் சம்மதம் மணமக்களுடையது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த விதியின்படியே நம் பங்குகளிலும், ஓலை வாசிக்குமுன் பங்குத்தந்தை மணமகளைத் தனியே அழைத்து, முழு மனத்தோடுதான் சம்மதிக்கிறாயா, யாரும் கட்டாயப்படுத்தவில்லையா என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். எங்களுள் சிலருடைய அக்காமார் சொல்வது என்னவென்றால், அந்தக் கேள்வியை அவர்களிடம் முதன்முதலாகக் கேட்டவரே பங்குத்தந்தைதான்! அதற்குள் மண்டபத்திற்கு முன்பணம் கொடுத்தாயிற்று, அழைப்பிதழ் அச்சில் ஏறிவிட்டது, வெளியூர் மாமா இரயிலில் முன்பதிவு செய்துவிட்டார். வெளியே திண்ணையில் அப்பா காத்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் "இல்லை சாமி" என்று சொல்லும் துணிவு எந்தப் பெண்ணுக்கு வரும்? கேள்வி நல்ல கேள்விதான். மிகவும் காலம் தாழ்ந்து வருகிறது, அவ்வளவே.

நம் அருட்சகோதரியரைப் பாருங்கள். ஒரு பெண் மடத்தில் சேர விரும்பினால், சேர்ந்த மறுநாளே அவளுக்கு வார்த்தைப்பாடு கொடுத்துவிடுவதில்லை. நவகன்னியாக அவள் குறைந்தது ஓர் ஆண்டு முழுவதும் இருந்தாக வேண்டும். முதல் வார்த்தைப்பாட்டிற்குப் பின்னும் குறைந்தது மூன்று ஆண்டுகள் கழித்தே நித்திய வார்த்தைப்பாடு. இத்தனை ஆண்டுகளிலும் "உனக்கு விருப்பந்தானா?" என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், விருப்பமில்லையேல் வீடு திரும்பவும் வழி இருக்கிறது. திருமணமும் சாகும்வரை உள்ள வார்த்தைப்பாடுதானே? அதற்கு எங்களுக்குக் கிடைப்பதோ, காப்பித் தட்டோடு வந்து நிற்கும் அரைமணி நேரமும், இரண்டு மூன்று நாள் திருமணப் பயிற்சி வகுப்பும். கன்னியர் மடத்திற்குப் போகிறவளுக்கு இருக்கும் நிதானத்தில் பாதியாவது கல்யாணத்திற்குப் போகிறவளுக்கு வேண்டாமா?

பெற்றோரின் அச்சத்தை நாங்கள் அறியாதவர்கள் அல்லோம். மகள் முதுகலை படித்தால் அதற்கு மேல் படித்த மாப்பிள்ளையைத் தேட வேண்டும். அவன் படிப்புக்கேற்பப் பவுனும் ரொக்கமும் ஏறும். அடுத்தவளும் வளர்ந்து நிற்கிறாள். மீன் ஏலம் எடுத்தும், தையல் தைத்தும், பள்ளிக் கட்டணத்தைத் தவணையில் கட்டியும் எங்களை வளர்த்தவர்களிடம், இவையெல்லாம் வீண் கவலை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961 முதல் சட்டப்படி குற்றம் என்பதைப் படித்த மாப்பிள்ளைக்கு நாம் நினைவூட்டாமல், படிக்க விரும்பும் மகளின் படிப்பைக் குறைத்துக் கணக்கைச் சரிசெய்வது என்ன நியாயம்? நகை போட்டு அனுப்பிவிட்டோமே, இனி அவளுக்குப் பங்கு எதற்கு என்பாரும் உளர். உயில் எழுதாமல் இறந்த கிறித்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் 1916-ஆம் ஆண்டின் சட்டம் மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையே தந்தது. கோட்டயத்து மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடியதால், 1986-இல் அந்த அநீதி நீங்கியது. அவரும் நம்மைப் போன்ற ஒரு கிறித்தவக் குடும்பத்துப் பெண்தான்.

நம் மாநில அரசு செய்த ஒரு மாற்றத்தையும் இங்கே குறிப்பிட விரும்புகிறோம். 1989-இல் தொடங்கப்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திட்டத்தின்கீழ் ஏழைப் பெண்களின் திருமணத்திற்குப் பணமும், பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் கொடுத்துவந்தார்கள். 2022-இல் அதே திட்டத்தை உயர்கல்வித் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்பில் சேர்ந்த மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கினர். 2024-இல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்றவர்களையும் இதில் சேர்த்தனர். தாலிக்கு வைத்திருந்த பணம் புத்தகத்திற்குப் போய்விட்டதே என்று வருந்திய தாய்மாரும் உண்டு. எங்களைக் கேட்டால், புத்தகத்திற்கே கொடுங்கள் என்போம்.

படிப்பை உயர்த்தித் திருமணத்தைத் தாழ்த்துவது எங்கள் எண்ணமன்று. பத்தொன்பது வயதில் மணமுடித்து மனநிறைவோடு குடும்பம் நடத்துகிறவர்களையும் அறிவோம். விருப்பத்தோடு அவ்வழி செல்லும் தோழியை ஏளனம் செய்யும் பழக்கம் எங்களுள் சிலரிடம் இருக்கிறது, அது வேண்டாம். கேட்டால் பதில் சொல்லவும் எங்களுக்குத் தெரிய வேண்டுமே! "எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேண்டும்?" என்று கேட்டால் திரைப்பட நடிகர் பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டு ஓடுவது பதிலாகாது.

குழந்தை தெரேசாவை நாம் எல்லாரும் அறிவோம். அவருடைய பெற்றோரை அறிந்தவர் சிலரே. பிரான்சு நாட்டு அலான்சோன் நகரில் தாய் செலி லேஸ் பின்னும் தொழில் நடத்தினார். பல பெண்களுக்கு வேலை கொடுத்தார். (நாகர்கோவில் பக்கத்துத் தோழியருக்கு லேஸ் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.) தந்தை லூயி கடிகாரக் கடை வைத்திருந்தார். மனைவியின் தொழில் பெருகியபோது, 1870-இல், தம் கடையை விட்டுவிட்டு அவருடைய தொழிலுக்குத் துணையாக வந்துவிட்டார். எந்தக் காலத்தில் என்று நினைத்துப் பாருங்கள்! பெற்ற ஒன்பது பிள்ளைகளுள் நால்வரைப் பறிகொடுத்த வீடு அது. துயரமும் கணக்குப் புத்தகமும் செபமாலையும் ஒன்றாகவே அங்கே இருந்தன. 2015-இல் இருவரும் சேர்ந்தே புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள்.

இத்தாலியப் புனிதை ஜான்னா பெரெத்தா மோல்லா ஒரு மருத்துவர். 1949-இல் மருத்துவப் பட்டம், 1950-இல் மெசெரோ என்னும் சிற்றூரில் மருத்துவமனை, 1952-இல் குழந்தை மருத்துவத்தில் சிறப்புத் தேர்ச்சி, 1955-இல் பொறியாளர் ஒருவருடன் திருமணம். அப்போது அவருக்கு வயது 32. மணமான பின்னும் மருத்துவத்தை விடவில்லை. நான்காம் பிள்ளையைக் காக்கத் தம் உயிரையே பணயம் வைத்து 1962-இல் இறந்ததைத்தான் மறையுரைகளில் கேட்கிறோம். அது பெரிய தியாகந்தான். ஆனால் வயிற்றுவலியென்று வந்த கிழவியையும் காய்ச்சலில் வந்த குழந்தையையும் அவர் நாள்தோறும் உட்கார்ந்து பார்த்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றியும் யாராவது எங்களுக்கு மறையுரை வைத்தால் நன்றாயிருக்கும். பனிச்சறுக்கு விளையாட்டில் அவருக்கு மிகுந்த விருப்பம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஆகவே எங்களைக் கேட்டால் நாங்கள் சொல்லும் பதில் இதுதான். தொடங்கிய படிப்பை முடிக்க விடுங்கள். பெண் பார்க்க வருமுன், தரகரிடம் புகைப்படம் கொடுக்குமுன், எங்களைத் தனியே உட்கார வைத்துக் கேளுங்கள். பங்குத்தந்தை கேட்கும் அதே கேள்வியைக் கேட்டால் போதும். "இப்போது வேண்டாம்" என்று மகள் சொன்னால், யாரையோ மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறாள் என்று உடனே ஐயுற்றுக் கைப்பேசியைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் எங்கள் மனத்தில் இருப்பது ஐந்தாம் பருவத்தின் இயற்பியல் தாள்தான். மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டியதைக் கேட்பதற்கும் எங்களுக்கு வாய்ப்புக் கொடுங்கள். சம்பளம் எவ்வளவு என்பதை அப்பா விசாரித்துக்கொள்வார். காலையில் அவர் வீட்டில் யார் முதலில் எழுந்திருக்கிறார்கள், அவர் உண்ட தட்டை யார் கழுவுகிறார்கள் என்பவற்றை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

இதைப் படிக்கும் தாய்மார் சிரிப்பது எங்களுக்குத் தெரிகிறது. லூயி மார்ட்டினைப் போன்ற மாப்பிள்ளைகள் எந்த ஊரில் கிடைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை, அம்மா. இப்போது ஒன்பதாம் வகுப்பில், பத்தாம் வகுப்பில், நம் வீட்டிலேயே கிரிக்கெட் மட்டையோடு திரிகிற தம்பிமார்தாம். தேர்வுக் காலத்தில் நாங்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, குழாயடியில் குடம் வைத்து, மாவைக் கரைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கிறோம். தம்பிக்கும் அதே மாதத்தில்தான் தேர்வு. ஆனால் அவனை எழுப்புவதற்கே காப்பி வேண்டியிருக்கிறது. இந்த ஆண்டு குடத்தை அவன் எடுக்கட்டும். மாவு கரைப்பதை நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம்.