மரத்தின் நேரம் அறிந்து செல்க

மேல்நாடுகளில் இக்காலத்தில் ஒரு புதுவகை யாத்திரை வழக்கில் வந்திருக்கிறது. ஊர்தோறும் உள்ள சிறிய பியர் வடிசாலைகளை வரிசைப்படுத்தி, நாள் குறித்து, ஒவ்வொன்றிலும் சிறிது சுவைத்து வருவதே அந்த யாத்திரை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளர்ந்த எம்மவர் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தவிடத்து, "யாழ்ப்பாணத்திலும் அப்படி ஒரு சுற்றுப் போகலாமா?" என்று கேட்கின்றனர். கேட்ட மாத்திரத்தே முகஞ்சுளிக்கும் பெரியோர் பலர். ஆயினும், கேள்விக்குத் தக்க விடை கூறுதலே முறை என்பது எமது எண்ணம்.

பார்லியும் குளிர்ந்த மலைநீரும் உள்ள இடத்திற்கு உரியது பியர். சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1849இல் நுவரெலியாவை அதற்குத் தேர்ந்ததும் அதனாலேயே. எமது குடாநாட்டில் அவ்விரண்டும் இல்லை, பனை உண்டு. பாளையை இடுக்கி நசுக்கி, நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிவிட, இனிய சாறு சொட்டுச் சொட்டாக முட்டியில் இறங்குகிறது. காற்றிலும் முட்டியிலும் வாழும் நொதிகள் அச்சாற்றின் வெல்லத்தை மரத்திலேயே மதுவாக மாற்றத் தொடங்கிவிடுகின்றன. பெல்ஜியத்தில், பிரசெல்ஸ் நகரை அடுத்த பகுதியில், லாம்பிக் என்னும் பியரையும் இவ்வாறே காற்றின் நொதிகளுக்கு விட்டுப் புளிக்கவைக்கின்றனர். அந்நாட்டுப் பியர்ப் பண்பாட்டினை 2016இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுல மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. எமது கள்ளோ வேலியோரத்துப் பேச்சாகவே நின்றுவிட்டது.

சுற்றுப்பயணத்திற்குத் திட்டமிடுவோர் முதலில் மரத்தின் நேரத்தை அறிதல் வேண்டும். தைக்குப் பின் தொடங்கி ஆடி வரையிலான மாதங்களே பனங்கள்ளின் பருவம். ஏனைய காலத்தில் தென்னங்கள்ளே பெரும்பாலும் கிடைக்கும். தொழிலாளி காலையும் மாலையும் மரமேறுவார். காலையில் இறக்கிய கள் இனிப்பும் நுரையுமாக இருக்கும், மாலைக்குள் உறைப்பேறும், மறுநாள் புளித்துக் காடியாகத் திரும்பும். தன்னியல்பில் நெடுந்தூரம் பயணஞ் செய்ய மாட்டாத பானம் இது. ஆகவே, அதனைத் தேடி நாமே செல்லவேண்டியிருக்கிறது.

யாழ்நகரிலிருந்து கைதடிக்குச் சென்றால், 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் ஆராய்ச்சி நிலையம் அங்குள்ளது. கோப்பாய், அச்சுவேலி வழியாக வல்லைவெளியைக் கடந்து வடமராட்சிக்குச் சென்றால், பனஞ்சாராயத்திற்குப் பெயர்பெற்ற திக்கம் வடிசாலை இருக்கிறது. இவ்விடங்களின் உள்ளே செல்ல விரும்புவோர் முன்னரே அனுமதி கேட்டறிதல் நன்று. வழியிலுள்ள கூட்டுறவுச் சங்கங்களின் தவறணைகளிற் கள் கிடைக்கும். பனையோலைப் பிளாவில் அருந்தக் கிடைப்பின் அதனையே தேர்க. போயா நாளில் மது விற்பனை இல்லை. இருபத்தொரு வயது நிரம்பாதோர்க்குச் சட்டம் இடந்தராது. வாகனம் ஓட்டுபவர் சுவையும் பார்க்கலாகாது. சிறுவர்க்கென்று, முட்டியில் சுண்ணாம்பு தடவிப் புளிப்பைத் தடுத்து இறக்கும் கருப்பணியும், அதனைக் காய்ச்சி எடுத்த பனங்கட்டியும் உண்டு.

அதியமானும் ஔவையும் கள்ளைப் பகிர்ந்துண்டதைப் புறநானூறு கூறும். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். இரண்டும் எமது மரபே. நாட்கூலி முழுவதும் தவறணையிற் கரைந்த வீடுகளில் அடுப்பு எரியாதிருந்ததை அறியாதார் இவ்வூரில் இல்லை. ஆதலின் அளவு என்பது இப்பயணத்தின் முதல் விதி.

இரண்டாவது விதியொன்றும் உண்டு. எமக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. மரமேறுபவர் இறக்கிய கள்ளை ஆவலோடு வாங்கிய எமது சமூகம், அவரைக் கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் மறித்து நிறுத்தியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில், உள்ளே சென்று வழிபடும் உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் போராட நேர்ந்தது. கள்ளிலே தீட்டுக் காணாதவர்கள் மனிதரிலே கண்டார்கள். சீவல் தொழிலாளரின் பிள்ளைகள் பலர் கல்வி கற்று வேறு தொழில்களை நாடியமைக்கு, மரத்தின் உயரம் மாத்திரமா காரணம்? இந்த அவமதிப்பும் அன்றோ?

எனவே, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பெற்றோர் இதனை மறவாதிருப்பார்களாக. தொழிலாளியைப் பெயர் சொல்லி ஒருமையில் விளிக்கும் பழைய வழக்கத்தை அவர்கள் எம்மிடமிருந்து கற்றுவிடலாகாது. வயதுக்கேற்ப 'ஐயா' என்றோ 'அண்ணை' என்றோ அழைத்து, அவர் தொழிலின் நுட்பத்தைக் கேட்டறிந்து, பேரம் பேசாது உரிய விலையைக் கொடுக்கட்டும். படம் எடுக்க விரும்பின் அவரது அனுமதியைப் பெறட்டும். மேல்நாட்டு வடிசாலையில் பியர் வடித்தவரை முன்னிறுத்திப் பாராட்டுகிறார்கள். அறுபது எழுபது அடி உயரத்தில் உயிரைப் பணயம் வைத்துப் பாளை சீவுபவர் அதனிற் குறைந்த மதிப்புக்கு உரியவரல்லர்.